பதினெட்டாம் தேதிக்குப் பிறகு உள்ள தாள்கள்

ஜூன் 12, வெள்ளி

மூத்த பேரன் கட்டிய பாலத்தில் இன்று முதல் பேருந்து போனது. ஓட்டிப் போனது அவனுடைய சித்தப்பா, என் இளைய மகன். ஒரே பாலத்தில் என் வீட்டு ஆட்கள் இரண்டு பேர்! பேரனின் தங்கை முப்பத்திரண்டு வயதிலேயே தலைமையாசிரியை ஆகிவிட்டாள். அவள் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது தோதான நாற்காலி இல்லை, கால் தரையில் எட்டவில்லை. மகள் வீட்டுப் பேரன் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்த பையனுக்கு ஷூ நல்ல ஷூவாம். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

நான்காவது சிட்டு. இளைய மகனுக்கு ஒரே பெண். பிரசவம் பார்க்கும் நர்ஸ். இங்கிருந்து நான்கு நாள் பயணத்தில், சண்டை நடக்கும் எல்லைக்குப் பக்கத்து ஊரில் வேலை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

கூடத்துச் சுவரில் நால்வருக்கும் நான்கு ஆணி. புதுப் படம் வந்தால் பழையதை எடுக்க மாட்டேன். அதன் மேலேயே வைத்துச் சட்டத்தை மூடுவேன். பாலம் கட்டியவனின் சட்டம் இப்போது மூடவே மாட்டேன் என்கிறது. சிட்டுவின் சட்டத்தில் மட்டும் ஒரே படம். ஆறு வருடத்துக்கு முன் படிப்பு முடித்த அன்று எடுத்தது. தொப்பி கோணல். கண் பாதி மூடியிருக்கிறது.

ஜூன் 15

மாடி வீட்டுத் தையல்காரி இப்போது தினமும் காலை பத்து மணிக்கு இறங்கி வருகிறாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தபடி அவள் போனில் ஒரு பிரசங்கியாரைக் கேட்கிறோம். போன் ஐயா என்று அவருக்குப் பேர் வைத்திருக்கிறேன். வெண்கலக் குரல். யுத்தம், கொள்ளைநோய், பூமி அதிர்ச்சி, வற்றிப்போன ஆறுகள் — ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் வேதத்தில் ஒரு இடம் காட்டுகிறார். நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்.

"அக்கா, எல்லாம் அப்படியே பொருந்துது பாருங்க" என்கிறாள் தையல்காரி.

பொருந்தத்தான் செய்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

ஆராதனையில் பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

போன் ஐயா நேற்று உலக முடிவுக்கு நாள் குறித்துவிட்டார். ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை. குடும்பத்தை ஒரே கூரையின் கீழ் சேர்த்துக்கொண்டு ஆயத்தமாக இருங்கள் என்றார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சிட்டு இருக்கும் ஊர்ப் பெயரை அவர் அந்தக் குரலில் உச்சரித்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 24

ஒரு காரியம் செய்தேன். இந்த டைரியில் ஜூலை பதினெட்டுக்குப் பிறகு உள்ள தாள்களை எல்லாம் கிழித்துத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன். எழுத ஆள் இருக்கப்போவதில்லை, தாள் எதற்கு? அவளுக்கு அளவு வெட்ட உதவும். அவளும் பதினெட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய துணி எதையும் வாங்குவதில்லை. பள்ளிக்கூடச் சீருடைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம்.

"அதுவரைக்கும் உள்ளதை முடிச்சுக் குடுக்கணும்ல அக்கா. அரைகுறையா விட்டுட்டுப் போனா அங்க போயும் கெட்ட பேரு" என்றாள்.

டைரி கையில் லேசாக இருக்கிறது.

ஜூன் 25

மெழுகுவர்த்தி வாங்கினேன். தீப்பெட்டி பன்னிரண்டு.

ஜூன் 29

இளைய மகன் வண்டியை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தான். காக்கிச் சட்டை முழுக்க வியர்வை. போன் ஐயாவை அவன் மதிப்பதில்லை. செய்தியைத்தான் நம்புவான். செய்தியும் நன்றாக இல்லை. சிட்டுவின் ஊருக்குப் பக்கத்தில் குண்டு விழுந்திருக்கிறது.

"அம்மா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. அவ அம்மா அழுதும் பாத்தாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டா."

உண்மைதான். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து என் பேச்சைத் தட்டியதில்லை. எதிர்த்துப் பேசுவாள், முறைப்பாள், கதவைச் சாத்துவாள். கடைசியில் சொன்னதைச் செய்துவிடுவாள்.

ஜூலை 1

கூப்பிட்டேன். போன் ஐயா சொன்னதையும் சொன்னேன், அவள் அப்பா சொன்னதையும் சொன்னேன். "பதினெட்டுக்குள்ள வந்துடும்மா. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

"சரி பாட்டி. நீங்க சொன்னா வரேன். பத்தாம் தேதி ஒரு வண்டி கிளம்புது" என்றாள்.

ஜூலை 2

வருகிறாள்! போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். மகன் இரண்டு முறை போன் செய்து ஒன்றுமே பேசாமல் சிரித்துவிட்டு வைத்தான்.

ஜூலை 4

சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? ஏன் நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருக்கிறது? அவள் "சரி பாட்டி" என்று சொன்ன குரல் சிட்டுவின் குரலாக இல்லை. முறைப்பு இல்லை, கதவுச் சத்தம் இல்லை.

மத்தியானம் மறுபடி கூப்பிட்டேன். பேச்சு வாக்கில் கேட்பது மாதிரி, "உன் இடத்துக்கு யாரு வராங்க?" என்றேன்.

"யாரும் வரல பாட்டி. மூணு பேர் இருந்தோம். ஒருத்தி போயிட்டா. நானும் வந்துட்டா பெரிய நர்ஸம்மா ஒருத்தங்கதான். பாத்துப்பாங்க."

"எத்தனை பேரு அங்க... வயித்துப் பிள்ளையோட?"

"இந்த மாசம் முப்பது பேருக்கு மேல. குண்டு விழுதுன்னு பிள்ளைங்க வராம இருக்குமா? அதுங்க பாட்டுக்கு வருதுங்க."

உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை மறக்காமல் இருக்க அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பயம் இருக்கு. ஆனா பாட்டி, வலி எடுத்து ஒருத்தி வந்தா நாங்க 'ஐயோ, முடிஞ்சுது'ன்னா சொல்லுவோம்? 'ஆரம்பிச்சாச்சு'ன்னுதான் சொல்லுவோம். வலி வலிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது எதுக்கு வர வலின்னு தெரிஞ்சா தாங்கிக்கலாம். உலகத்துக்கு வந்திருக்கறதும் அந்த மாதிரி வலின்னு நீங்கதானே எனக்கு வேதத்துல படிச்சுக் காட்டினீங்க?"

நானா காட்டினேன்? காட்டியிருப்பேன். அப்போது எழுத்துக் கூட்டி வாசிப்பதிலேயே கவனமாக இருந்திருப்பேன். அவள் அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவைத் தேடினேன். ஏணி மேல் இருந்தார். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆலயக் கூரையில் ஒழுகும் இடத்தில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணி. என் மூத்த பேரனைவிட வயது குறைந்தவர்.

கீழே நின்று கத்தினேன். "ஐயா, ஆண்டவர் வர நாள் பக்கத்துலன்னு சொல்றாங்க. நீங்க ஓட்டை அடைக்கிறீங்களே?"

ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வர்றது அவருன்னா, ஒழுகுற வீட்லயாம்மா உக்கார வைக்கிறது?" என்றார்.

கீழே இறங்கி வந்து, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து என்னிடம் பேசினார். வருகிறார் என்பது நிச்சயம், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாளை ஆண்டவர் தம் கையிலேயே மூடி வைத்துக்கொண்டார், அந்த விரல்களைப் பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது என்றார். "நாள் தெரிஞ்சா நாம நாளுக்குக் காத்திருப்போம்மா. தெரியாததாலதான் அவருக்குக் காத்திருக்கோம்."

வரும் வழியெல்லாம் அதையே சவைத்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டால், எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் நான். ஆண்டவர் வருகிறார் என்றால் மட்டும் ஏன் தீப்பெட்டி வாங்கிச் சேர்க்கிறேன்? என் வீட்டுக்காரரை மண்ணில் வைத்த அன்று, கடைசி நாளில் அவர் எழுந்திருப்பார் என்று நம்பித்தானே வைத்துவிட்டு வந்தேன்? அந்தத் தைரியம் எங்கே போனது?

ஜூலை 7

சிட்டு பிறந்த நாள் ஞாபகம் வந்து வந்து நிற்கிறது.

இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். ஆறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்த வருடம். முழங்கால் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதும் உலகம் முடிகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மருமகளுக்கு வலி. ஒரு மருத்துவச்சி மட்டும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிள்ளை ஒரு கைப்பிடிதான் இருந்தது. பஞ்சில் சுற்றி, செருப்புப் பெட்டியில் வைத்து, அடுப்புச் சூட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி மூன்று நாள் காப்பாற்றினாள் அந்தப் பெண்.

இரண்டாம் நாள் காலை அவளைக் கூட்டிப்போக அவள் தம்பிகள் படகில் வந்தார்கள். அவளுடைய அம்மா அனுப்பியிருந்தாள். வாசலில் நின்று, "அம்மா அழுவறாங்கக்கா, வா" என்று கூப்பிட்டார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்லுங்கடா, இங்க ஒண்ணு இன்னும் மூச்சு விடப் பழகிக்கல. பழகினதும் வரேன்."

அவள் போயிருந்தால்?

நான் அன்றைக்கு அந்தத் தாயைப் பற்றி நினைக்கவே இல்லை. இருபத்தெட்டு வருடம் நினைக்கவில்லை. இப்போது படகு அனுப்பிய தாய் நான்தான். நான்தான் சிட்டுவை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே எத்தனை செருப்புப் பெட்டிகளோ!

கர்த்தாவே, அன்று என் பிள்ளைக்கு ஒருத்தியை நிறுத்திவைத்தீரே. இன்று இன்னொருத்தியின் பிள்ளைக்கு என் பிள்ளையைக் கேட்கிறீர். எனக்கு மனசு வரல. வரலன்னாலும் உம்மகிட்ட பொய் சொல்ல முடியல. எடுத்துக்கும். ஆனா பத்திரமா வச்சுக்கும்.

ஜூலை 8

கூப்பிட்டேன். "வராதே. இரு" என்றேன்.

"பாட்டி?"

"அங்க ஒண்ணு ஒண்ணா மூச்சு விடப் பழகட்டும். பழகினதும் வா."

அவளுக்கு அந்தக் கதை தெரியும். என்னிடமிருந்துதான் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "கட்டின பையைப் பிரிக்கிறேன் பாட்டி" என்றாள். அது என் சிட்டுவின் குரல்.

சாயங்காலம் மகன் வந்தான். உட்காரவில்லை. "அவளை வான்னு சொல்லச் சொன்னா, இருன்னு சொல்லியிருக்கீங்க. அது என் பொண்ணும்மா!"

எனக்குத் தெரியாதா? அவன் சொல்வதிலும் தப்பில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஜூலை 9

மகன் பேசவில்லை. வண்டி வாசல் வழியாகத்தான் போனது. தினமும் அடிக்கும் ஹாரனை அடிக்கவில்லை.

ஜூலை 14

சிட்டு வேலை பார்க்கும் ஊரின் மேலேயே குண்டு. போன் போகவில்லை. மணி அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்து அறுந்துவிடுகிறது.

ஜூலை 15

போகவில்லை.

ஜூலை 16

தையல்காரி வந்தாள். "பாத்தீங்களாக்கா, சொன்னபடியே நடக்குது. நாளான்னைக்கு" என்று போனைத் திறந்தாள். அந்த வெண்கலக் குரல் ஆரம்பித்தது. சிட்டுவின் ஊரை மறுபடியும் சொன்னது. அந்த ஊரில் முப்பது கர்ப்பிணிகள் இருப்பதும், கோணல் தொப்பி போட்ட ஒருத்தி இருப்பதும் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. அந்த ஊர் அவருக்கு ஒரு உதாரணம்.

"நிறுத்தும்மா அதை" என்றேன். "அழறதுக்கு வரதுன்னா வா. ஜெபம் பண்றதுக்கு வா. நாள் எண்ணுறதுக்கு வராதே."

அவள் முகம் சுருங்கிப் போனது. மாடிப்படி வரை போனாள். திரும்பி வந்தாள். முழங்காலில் நிற்க அவளுக்கும் முடியாது, எனக்கும் முடியாது. நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினோம்.

தப்பு பண்ணிட்டேனா? வராதேன்னு சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் துவைச்ச போர்வைல தூங்கிட்டு இருப்பா. பத்தாம் தேதி வண்டி ஒழுங்கா வந்து சேர்ந்துச்சாம். அதுல அவ இல்ல. நான்தான் காரணம். நான்தான்.

ஜூலை 18, சனி

இந்த டைரியின் கடைசித் தாள்.

மகன் காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்தான். என்னோடு பேசவில்லை. ஆனால் வந்தான். சிட்டுவின் படத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டான். தையல்காரி இறங்கி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். போன் ஐயா சொன்ன மணி காலை பதினொன்று. பதினொன்று அடித்தது. தெருவில் யாரோ பால் பாத்திரத்தைக் கீழே போட்டார்கள், மூவரும் குதித்தோம். பிறகு பதினொன்றரை. பிறகு பன்னிரண்டு.

தையல்காரி மெதுவாக, "நான் போய்ச் சோறு வைக்கவாக்கா?" என்றாள்.

எனக்கு உலகம் முடியாததும் பெரிதில்லை, முடிந்திருந்தாலும் பெரிதில்லை. ஆண்டவர் வந்திருந்தால் அவரிடம் முதலில் கேட்டிருப்பேன், அவள் எங்கே என்று. வரவில்லை. அதனால் இங்கிருந்தே கேட்கிறேன்.

தாள் முடிந்தது.

ஜூலை 20

(மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதுகிறேன்.)

காலை ஒன்பதரைக்கு வாசலில் விடாமல் ஹாரன். வெளியே ஓடினால், நிறுத்தமே இல்லாத இடத்தில் பேருந்து நிற்கிறது. உள்ளே நிறைய ஆட்கள். மகன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து வருகிறான், கையில் போன். "அம்மா! அம்மா! பேசுங்க!"

சத்தமாக வைத்திருந்தான். தெரு முழுக்கக் கேட்டது.

"பாட்டி, பதினெட்டு போயிடுச்சாமே? அங்க உலகம் முடியலையா? இங்க எனக்கு டியூட்டியும் முடியல."

ஆறு நாள் நிலவறையில் இருந்திருக்கிறார்கள். டார்ச் விளக்கில் பிரசவம். பத்தொன்பது பிள்ளைகள். "பத்தொன்பதும் அழுதுச்சு பாட்டி. ஒண்ணுகூட பாக்கி வைக்கல. எல்லாரும் மூச்சு விடப் பழகிட்டாங்க." பெரிய நர்ஸம்மா மூன்றாம் நாள் மயங்கி விழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகு இவள் ஒருத்திதான். என் செருப்புப் பெட்டிப் பிள்ளை!

நடத்துநர் படியில் தொங்கியபடி, "அண்ணே, டைம் ஆகுதுண்ணே" என்றார். உள்ளே இருந்து ஒரு அம்மா, "இருய்யா, பத்தொன்பது பிள்ளை பொறந்திருக்கு, அஞ்சு நிமிஷம் லேட்டானா குடியா முழுகிடும்?" என்று அவரை அடக்கினார்.

மகன் பேருந்தின் பக்கவாட்டில் நெற்றியை வைத்து அழுதான். நான் முதுகைத் தடவினேன். நிமிர்ந்து, "நான் கேட்டபடி அவ வந்திருந்தா அந்தப் பத்தொன்பதும்..." என்றான். முடிக்கவில்லை. "வண்டியை எடுடா" என்றேன்.

ஜூலை 24

தையல்காரி ஒரு கட்டோடு இறங்கி வந்தாள். நான் கிழித்துக் கொடுத்த தாள்கள். அடுக்கி, டைரியோடு வைத்து மிஷினில் தடித்த நூலால் தைத்துக் கொடுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் வெட்டிட்டேன் அக்கா. மன்னிச்சுக்கோங்க."

பிள்ளைச் சட்டைக்கு அளவு வெட்டியிருக்கிறாள். பல தாள்களில் நடுவே அரைவட்டமாக ஒரு குழந்தைக் கழுத்து அளவுக்குத் துண்டு போயிருக்கிறது. இந்தத் தாளிலும் இருக்கிறது. சுற்றி எழுதுகிறேன்.

"சீருடைக்காரங்க?" என்று கேட்டேன்.

"வேற இடம் போயிட்டாங்க" என்று சிரித்தாள். "போகட்டும். சும்மா இருக்கற கைக்கு ஏதாவது குடுங்களேன்."

கொடுத்தேன். பத்தொன்பது சட்டை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இன்று மழை. ஆலயத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாட்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

சண்டை நிற்கவில்லை. செய்தி போன வாரம் மாதிரியேதான். ஆண்டவர் இன்றைக்கு வரலாம், என் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரலாம். செருப்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்கும் இடத்தில் இருக்கிறேன். அது போதும். தீப்பெட்டிகளைச் சிட்டுவுக்குப் போகும் பார்சலில் சட்டைகளோடு வைத்தேன். தபாலில் தீப்பெட்டி போகக் கூடாதாம், மகன் எடுத்து வெளியே வைத்துவிட்டான். "அம்மா, அவ எல்லைல இருக்கா, நீங்க வேற நெருப்பு அனுப்புறீங்க" என்று திட்டினான். அவன் திட்டி எத்தனை நாள் ஆயிற்று!

பார்சலில் வைத்த கடிதத்தை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன்:

"சிட்டு, பத்தொன்பது சட்டை இருக்கிறது. மாடி அம்மா தைத்தது, பொத்தான் நான் வைத்தது. இருபதாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் அடுத்த மாதம் வரும், அளவு வெட்டத் தாள் நிறைய இருக்கிறது. உன் ஆணியில் ஆறு வருடமாக ஒரே படம். தொப்பி கோணல், கண் மூடியிருக்கிறது. அங்கே யாரையாவது எடுக்கச் சொல்லி, கையில் ஒரு பிள்ளையோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு புதுப் படம் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது."